சபதக்காரி சந்திரவதனாவும் கோதண்டபாணியின் வீடும்

தாத்தா பெயரில் இருக்கும் வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஒருவர் விரும்புவது குற்றமல்ல. சட்டம் அதை அனுமதிக்கிறது. விரும்புகிற அளவுக்கு அனுமதிக்கிறது. திருத்தணி மலையடிவாரத்தில் இரண்டு விசைத்தறி ஓட்டிப் பிழைத்துவந்த கோதண்டபாணி, இந்த அனுமதியைப் பல வருடங்களாகக் குறைவின்றிப் பயன்படுத்தி வந்தார்.

அவருக்குப் பேராசை எதுவும் இல்லை. வீட்டுக் கூரை ஒழுகியது. ஐப்பசி மழையில் தறியில் ஏற்றிய பாவு நூல் நனைந்து வீணானது. ஓடுகளைப் பிரித்துத் தளம் போட வேண்டுமென்றால் வீடு அவர் பெயரில் இருக்க வேண்டும். வீடோ, செத்து அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்ட தாத்தா நரசிம்மலுவின் பெயரில் இருந்தது. தாத்தா வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரே நாளில் முடிகிற வேலை.

இப்படிப்பட்ட வேலைகளுக்கென்றே பேருந்து நிலையத்தின் பக்கம், வளையல் கடை மாடியில், பூர்வீகச் சொத்து உறுதிப்பாட்டுச் சிறப்பு அலுவலகம் இயங்கி வந்தது. தேங்கிக் கிடந்த மனுக்களைத் தீர்ப்பதற்காகத் தற்காலிகமாகத் தொடங்கிய அலுவலகம் அது. அங்கே போன பிறகு மனுக்கள் இன்னும் அதிகமாகத் தேங்கியதால் அலுவலகத்தின் தேவை ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகி, அது நிரந்தரமாக்கப்பட்டது.

அங்கே எழுத்தர் துளசிங்கம். கோதண்டபாணி கொண்டுபோகும் தாள்களை வாங்கிப் பார்த்து, அவற்றில் இல்லாதது எது என்று சொல்வது அவர் பணி.

"இன்னா பெரியவரே, திரும்ப வந்துட்டீங்க?"

"நீங்கதான் சார் வரச் சொன்னீங்க. தாத்தாவோட இறப்புச் சான்று கொண்டாந்திருக்கேன்."

துளசிங்கம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இது அவரு செத்தாருங்கிறதுக்கு ஆதாரம். அவரு இருந்தாருங்கிறதுக்கு ஆதாரம் எங்க?"

"இருந்ததாலதான சார் செத்தாரு?"

"அது உங்க அபிப்பிராயம்."

கோதண்டபாணி படி இறங்கி வந்தார். ஒரு மனிதன் இருந்தான் என்பதற்கு வீடு சாட்சியில்லை, பேரன் சாட்சியில்லை. வேறு எது சாட்சி என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் 'சபதக்காரி சந்திரவதனா' கிடைத்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் கஜமுகா மூவிடோன் என்கிற சிறிய கம்பெனி எடுத்த பேசும் படம் அது. பினாங்கில் ஒரு பழைய கொட்டகையின் பின்கட்டில், எலிகள் மிச்சம் வைத்திருந்த சுருள்களாக அது கிடந்தது. சென்னையில் உள்ள பழம்பட மீட்பு இயக்ககம் அதை வாங்கி வந்து, கழுவி, ஒட்டி, புதுப்பித்து, வெளிநாட்டில் காட்டிப் பரிசும் வாங்கிவிட்டது.

அந்தப் படத்தின் பாதி, கோதண்டபாணியின் வீட்டில் எடுத்தது. கம்பெனிக்குக் கேமரா இருந்தது, விளக்கு இல்லை. அதனால் வீட்டுக் கூரையின் ஓடுகளைப் பிரித்து இறக்கி, சூரிய வெளிச்சத்தில் உள்காட்சிகளை எடுத்தார்கள். படம் முடிந்ததும் ஓடுகளைத் திரும்ப அடுக்கியவர்கள் சினிமாக்காரர்கள். வீடு அன்று தொடங்கி ஒழுகுகிறது.

கூரையைப் பிரிக்க நரசிம்மலு ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். தனக்குப் பெரிய வேஷம் வேண்டும். வேஷத்துக்குத் தன் சொந்தப் பெயரே இருக்க வேண்டும். "என் வீட்ல எடுக்கிற படத்துல நான் எவன் பேரையோ வச்சிகினு திரியணுமா?" என்று கேட்டாராம். என்ன வேஷம் என்று மட்டும் கேட்கவில்லை. படம் ஓடிய நாட்களில் குடும்பத்தில் யாரையும் அவர் கொட்டகைக்கு அழைத்துப் போகாததன் காரணத்தை, குடும்பம் அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைத் திரையிடப் போகிறார்கள் என்றதும் கோதண்டபாணி வளையல் கடை மாடிக்கு ஓடினார்.

"சார், தாத்தா இருந்தாருங்கிறதுக்கு ஆதாரம் கேட்டீங்களே. நடக்கிறாரு, பேசுறாரு, பாடக்கூட செய்யறாருன்னு சொல்றாங்க. வந்து பாருங்க சார்."

சிறப்பு அலுவலர் மணவாளன் இதுவரை எந்த ஆதாரத்தையும் தேடிப் போனவரில்லை. ஆனால் அழைப்பிதழில் 'முன்னிலை' என்று அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். கோதண்டபாணி கொடுத்த மனுவையும் வாங்கிக்கொண்டார். அதில், மேற்படி திரைப்படத்தைத் தம் தரப்பு முதன்மை ஆவணமாக ஏற்றுக்கொள்ளுமாறு மனுதாரர் பணிவுடன் கேட்டிருந்தார்.

படம் ஓடியது. முதல் அரை மணி நேரம் கோதண்டபாணி தாத்தாவைப் பார்த்துக் கண்கலங்கினார். அடுத்த அரை மணி நேரம் தாத்தா செய்கிற காரியங்களைப் பார்த்து நாற்காலியில் தாழ்ந்து உட்கார்ந்தார். நரசிம்மலு பொய்ப் பத்திரம் எழுதிச் சந்திரவதனாவின் தகப்பனாரிடமிருந்து வீட்டை அபகரிக்கிறார். தகப்பனார் ஒரு பாட்டுப் பாடி இறக்கிறார். பழி தீரும்வரை உப்பைத் தொடுவதில்லை என்று சந்திரவதனா சபதம் செய்கிறாள். வசனத்துக்கு நடுவில் காக்கை கத்துகிறது. ஒரு முறை ரயில் போகிறது. அது போய் முடிகிறவரை எல்லோரும் அசையாமல் நின்று, பிறகு விட்ட இடத்தில் தொடர்கிறார்கள். வழக்கு மன்றத்தில் ஒரு கிளி சாட்சி சொல்கிறது.

கடைசியில் சந்திரவதனா முற்றத்தில் வைத்து நரசிம்மலுவைக் குத்துகிறாள். அவர் விழுகிறார். மறுபடி எழுந்து உட்கார்ந்து பல்லவி, அனுபல்லவி, மூன்று சரணம் பாடுகிறார். பிறகு தூணைக் கட்டிக்கொண்டு, "ஐயோ! அபகரித்த இந்தக் கிருகம் என்னுடையதல்ல, சந்திரவதனா! உன்னுடையதே!" என்று கதறிச் சாகிறார். போலீஸ்காரர்கள் விலங்கு மாட்டும்போது அவள் நம்மைப் பார்த்துச் சொல்கிறாள்: "மகாஜனங்களே! இனி இந்தக் கிருகம் உங்களுக்கே பொது!"

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. மணவாளன் தட்டவில்லை. அவர் பணியில் இருந்தார்.

திங்கட்கிழமை கோதண்டபாணியை அழைத்து உட்கார வைத்தார். அந்த அலுவலகத்தில் மனுதாரருக்கு நாற்காலி கொடுத்தது அதுவே முதல் தடவை.

"உங்கள் தாத்தா இருந்தார் என்பதை அலுவலகம் ஏற்றுக்கொள்கிறது."

"ரொம்ப நன்றிங்க சார்."

"அவர் வீட்டை அபகரித்தார் என்பதையும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே ஆவணத்தில் பாதியை மட்டும் ஏற்க விதியில் இடமில்லை."

"சார், அது சினிமா."

"நீங்கள் தாக்கல் செய்த ஆவணம்."

"நடிப்பு சார்!"

"நடிப்பு என்றால் வேறு பெயர் இருக்கும். சொந்தப் பெயரில், சொந்த வீட்டில், சொந்தத் தூணைக் கட்டிக்கொண்டு எவரும் நடிப்பாரா?" மணவாளன் குரலைத் தாழ்த்தினார். "இன்னொன்று. உங்கள் தந்தை பிறந்தது நாற்பதில். தாத்தா காலமானது முப்பத்தாறில்."

"அறுபத்தொண்ணுல செத்தாரு சார். சான்று குடுத்திருக்கேனே."

"பார்த்தேன். ஒருவருக்கு இரண்டு மரணம் பதிவாகியிருந்தால் முந்தியதுதான் செல்லும்."

"அப்ப எங்க நைனா யாருக்குப் பொறந்தாரு சார்?"

"அதற்குள் அலுவலகம் போக விரும்பவில்லை," என்றார் மணவாளன் இதமாக. "குடும்ப கௌரவம் சம்பந்தப்பட்டது."

வீட்டில் மனைவி பாஞ்சாலி இதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகு, "உங்க பாட்டி இருந்திருந்தா அந்த ஆளை விளக்குமாத்தாலயே அடிச்சிருக்கும்," என்றாள். "உங்களை எவன் படத்தைக் காட்டச் சொன்னது? இருக்கிற எடத்துல கம்முனு இருந்திருந்தா மழையோட போயிருக்கும். இப்ப வீடே போவுது."

ஊர் இதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. ஊருக்குச் சந்திரவதனா பிடித்திருந்தது. கடைத்தெரு ஓட்டல்காரர் உப்பில்லாத பொங்கலுக்குச் 'சபதப் பொங்கல்' என்று பெயர் வைத்தார். அதற்குக் கூட்டம் அலைமோதியது. உப்பைத் தனியாக விற்றார். பெண்கள் கொண்டையை இடது பக்கம் சரித்துப் போட்டுக்கொண்டார்கள். சென்னையிலிருந்து காலை மின்ரயிலில் இளைஞர்கள் வந்து, கோதண்டபாணி வீட்டு வாசலில் கண்ணை மூடி நின்று, காக்கை கத்துவதைக் கேட்டார்கள். படத்தில் கத்திய காக்கையின் பரம்பரை இது என்று ஒருவர் விளக்கினார். காக்கையின் வாரிசுரிமையை யாரும் சந்தேகிக்கவில்லை.

கோதண்டபாணி சென்னைக்குப் போய், இயக்ககத்தில் அனுராதா என்கிற மீட்பு அதிகாரியைப் பார்த்தார். அவர் எழுந்து நின்று வரவேற்றார்.

"நரசிம்மலுவோட பேரன்! எனக்குச் சிலிர்க்குது சார். அதே மூக்கு."

"ஆங். அம்மா, நீங்க எனக்கு ஒரே ஒரு லெட்டர் குடுக்கணும். இந்தப் படம் கற்பனைக் கதை, இதுல வர்றது எதுவும் நெசமில்லன்னு எழுதிக் குடுத்தா போதும்."

அனுராதாவின் முகம் வாடியது. "எப்படி சார்? எதையும் மாத்தாம, அப்படியே மீட்டோம்னுதான் எங்களுக்குப் பரிசே குடுத்தாங்க. ஒரு காக்கா சத்தத்தைக்கூட நாங்க அழிக்கல. கதையைப் பொய்னு நாங்களே சொன்னா உழைச்சவங்க மனசு என்ன பாடுபடும்?"

"என் வீடு போவுதும்மா."

"புரியுது. உங்களுக்கு உதவுற மாதிரி வேற ஒண்ணு தர்றேன்." படத்தில் உள்ள காட்சிகள், வசனங்கள் எதுவும் பின்னாளில் சேர்க்கப்பட்டதோ திருத்தப்பட்டதோ அல்ல, முப்பத்தாறில் நிகழ்ந்தது நிகழ்ந்தபடியே உள்ளது என்று ஒரு சான்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று கோதண்டபாணி அதை வாங்கி வந்தார். மணவாளன் அதை வாசித்துவிட்டு, இத்தனை உறுதியான ஒரு சான்றைத் தம் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

இறுதி விசாரணைக்குப் பாஞ்சாலியும் வந்தாள். அவளுக்கு யாரும் நாற்காலி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"சார், நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் படத்துல கிளி வந்து சாட்சி சொல்லுது. நீங்களும் பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன். தெளிவான சாட்சி."

"கிளி எங்கனா கோர்ட்ல பேசுமா சார்?"

"பேசாது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் உண்டா?"

"அப்ப அந்தக் கிளியைக் கூட்டிகினு வந்து விசாரிங்க! இந்த வீடு யாருதுன்னு அதையே கேளுங்க!"

மணவாளன் இதைப் பரிசீலித்தார். துளசிங்கத்தைப் பார்த்தார். துளசிங்கம் இல்லை என்று தலையை ஆட்டினார். "இவ்வளவு காலத்துக்குக் கிளி உயிரோடு இருக்க வாய்ப்பில்லை," என்றார் மணவாளன். "அதன் வாரிசு யாராவது இருந்தால் உரிய சான்றுகளுடன் மனு செய்யச் சொல்லுங்கள்."

பாஞ்சாலி கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஆணை வந்தது. மனுதாரரே தாக்கல் செய்த ஆவணத்தின்படி மேற்படி வீடு நரசிம்மலுவுக்குச் சொந்தமானதல்ல என்றும், உரிமையாளரான செல்வி சந்திரவதனா அதனை மகாஜனங்களுக்கு வாய்மொழியாக வழங்கியிருப்பதாகவும், மகாஜனங்களின் சார்பில் அலுவலகம் அதனை ஏற்றுக்கொள்வதாகவும், இனி அது 'சந்திரவதனா பழிதீர்த்த நினைவில்லம்' என வழங்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. விசைத்தறிச் சத்தம் படத்தில் எங்கும் இல்லாததால் தறிகளை அப்புறப்படுத்த வேண்டும். கூரை படத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அனுராதா சென்னையிலிருந்து வந்தார். வெளிநாட்டு நினைவில்லங்களில் வெறும் சுவரை யாரும் பார்ப்பதில்லையாம். பாத்திரங்களே உயிரோடு உலவுவதுதான் இப்போதைய வழக்கமாம். நினைவில்லத்துக்கு ஒரு வில்லன் தேவை. தகுதிகள் இரண்டு: நரசிம்மலுவின் முகச்சாயல் வேண்டும், வளாகத்திலேயே தங்க வேண்டும்.

"என் வீட்டை நானே திருடினவன்னு வேஷம் போட்டுகினு நிக்கணுமா?" என்றார் கோதண்டபாணி.

பாஞ்சாலி மூட்டையைக் கீழே வைத்தாள். "நில்லுங்க," என்றாள். "வீட்டுக்காரனை வீட்டை விட்டுத் தொரத்தறாங்க. வில்லனை வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்றாங்க. எது மேலுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசிப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. கோதண்டபாணி ஒட்டு மீசையும் கடுக்கனும் ஜரிகைத் துண்டுமாகத் தூணோரம் நின்றார். வருகிறவர்கள் அவரைத் திட்ட வேண்டும். அவர் "ஹா ஹா ஹா" என்று சிரிக்க வேண்டும். பிறகு தூணைக் கட்டிக்கொண்டு, இந்தக் கிருகம் என்னுடையதல்ல என்று கதற வேண்டும். முதல் வாரம் அந்த வசனத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் நிஜமாகவே அழுதார். நல்ல நடிப்பு என்றார்கள்.

தொடக்கத்தில் சந்திரவதனாவின் ரசிகர்கள் வந்து திட்டினார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள் இறங்குகிற வழியில் திட்டிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு நாள், கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு விவசாயக் கூலிப் பெண் வந்தாள். நேராக அவர் முன்னால் நின்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"யோவ், எங்க அப்பன் நெலத்த அளந்து தர்றேன்னு எத்தினி வாட்டிய்யா அலைய வுட்ட? கால் தேஞ்சு போச்சுய்யா. நீயெல்லாம் சோறுதான் துன்றியா?"

"அம்மா, நான் சந்திரவதனா வீட்டை மட்டுந்தான் அபகரிச்சேன்."

"எல்லாம் ஒண்ணுதான். நில்லு, நான் இன்னும் முடிக்கல."

முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். மனசு லேசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள்.

செய்தி பரவியது. பெயர் மாற்றம் ஆகாதவர்கள், ஓய்வூதியம் நின்றவர்கள், குழாயில் தண்ணீர் வராதவர்கள் எல்லோரும் வந்தார்கள். திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டு அப்படியே நடந்து வந்து நரசிம்மலுவைத் திட்டிவிட்டுப் போவது பழக்கமாயிற்று. கொஞ்ச காலத்தில் மனு கொடுப்பதை விட்டுவிட்டு நேராக இங்கேயே வந்தார்கள். வளையல் கடை மாடியில் கூட்டம் குறைந்தது. பொதுமக்களின் குறைகள் கணிசமாகக் குறைந்துள்ளதாக மணவாளன் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் மகிழ்ந்து, ஒவ்வொரு ஊரிலும் ஒரு வில்லனை நியமிப்பது பற்றி ஆராயக் குழு அமைத்தது.

கூட்டம் கூடக் கூட கோதண்டபாணிக்குச் சில ஏற்பாடுகள் தேவைப்பட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் திட்டினால் எந்தத் திட்டு யாருடையது என்று தெரியவில்லை. அதனால் டோக்கன் கொடுத்தார். நிலம் சம்பந்தமாகத் திட்டுகிறவர்கள் காலையில், மற்றவர்கள் பிற்பகலில் என்று பிரித்தார். நின்றால் கால் வலித்ததால் தூணோரம் ஒரு நாற்காலியும், அதன் முன்னால் ஒரு மேசையும் வந்தன. மேசை வந்த பிறகு அவர் குரலே சற்று மாறியது. பாஞ்சாலி அதைக் கவனித்தாள். "இன்னாங்க, வீட்லயும் என்னை நிக்க வச்சுப் பேசறீங்க?" என்று கேட்டாள். அவர் நிமிரவில்லை.

ஒரு திங்கட்கிழமை உச்சி வேளையில், வரிசையில் கடைசியாகத் துளசிங்கம் நின்றார். விடுப்பு எடுத்திருந்தார். கையில் மஞ்சள் பை. அவருடைய அப்பா விட்டுப்போன வீடு அரக்கோணத்தில் இருந்தது. அங்கேயும் அந்தச் சிறப்பு அலுவலகத்துக்கு ஒரு கிளை திறந்திருந்தார்கள். அப்பா இருந்தார் என்பதற்கு ஆதாரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தம் முறை வந்ததும் அவர் முன்னால் வந்து, தொண்டையைக் கனைத்து, கையை ஓங்கி, "டேய் நரசிம்மலு! பாவி!" என்று ஆரம்பித்தார்.

கோதண்டபாணி மீசையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கொஞ்சம் இருங்க. டோக்கன்?"

"இல்லீங்க. நான்தான் பெரியவரே, துளசிங்கம். என்னைத் தெரியலியா?"

"தெரியுது. இன்னா சம்பந்தமாத் திட்ட வந்தீங்க?"

"அரக்கோணத்துல எங்க நைனா வீடு..."

"நிலம், வீடு எல்லாம் காலைலதான். சரி, வந்துட்டீங்க. வீடு உங்க நைனாவுதுங்கிறதுக்கு ஆதாரம் இருக்குதா?"

துளசிங்கம் பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினார். கோதண்டபாணி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எத்தனையோ வருடம் தம் வீட்டுக்காக அலைந்தவர் என்பதால், எந்தத் தாள் இல்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"இது பத்தாதுங்க. இதை வச்சுகினு நீங்க என்னைத் திட்ட முடியாது. உரிய ஆதாரத்தோட அடுத்த வாரம் வாங்க."

துளசிங்கம் ஓங்கிய கையை இறக்கினார். அது தானாகவே இன்னொரு கையோடு சேர்ந்து கும்பிட்டது. "சரிங்க சார்," என்றார்.

கோதண்டபாணி 'உணவு இடைவேளை' என்கிற அட்டையைத் தூணில் மாட்டிவிட்டு உள்ளே சாப்பிடப் போனார். டோக்கனோடு காத்திருந்தவர்களில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. முறைப்படி நடக்கிற இடம்தான் என்று அவர்களுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.